92 பிபிஎம் தமிழ் ராப், புளோக் கீழ்த்தளத்தில் இரவு ஷூட்: எது முதலில் உதைக்கும்?

#1 தோபாயோ_மாறன்
பாட்டு 3:10, 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 அடி). பீட் இணையத்தில் குத்தகைக்கு எடுத்தது, நமக்கு மட்டும் என்ற உரிமை கிடையாது. ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) 1980களின் படப்பாட்டு ஒன்றிலிருந்து 8 வினாடி, பிட்ச் ஏற்றி வைத்திருக்கிறது. வீடியோ சிங்கப்பூரில், அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்திலும் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலும், ஒரே இரவில். கையில் 1,500 வெள்ளி. பாதி ஷாட்டுக்கு ஸ்லோ மோஷனில் வாயசைப்பு வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரம் வெளியீடு. கேமரா எது வாங்கலாம்னு கேட்கலை. எங்கே மாட்டிக்கொள்வோம்னு மட்டும் சொல்லுங்க.

#2 காப்பிரைட்_காத்தான்
அந்த 8 வினாடியிலதான். "எட்டு வினாடி, முப்பது வினாடிக்குள்ள இருந்தா பரவாயில்லை" என்பது ஊர் முழுக்கச் சுற்றும் கட்டுக்கதை. சிங்கப்பூர்ச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை, இந்தியச் சட்டத்திலும் இல்லை.

ஒரு படப்பாட்டுத் துண்டில் இரண்டு உரிமை உட்கார்ந்திருக்கும். ஒன்று ஒலிப்பதிவு, பெரும்பாலும் ஆடியோ நிறுவனத்திடம். இன்னொன்று மெட்டும் வரியும். ஒலிப்பதிவை அப்படியே வெட்டி வைத்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். நீங்களே ஆளை வைத்துத் திரும்பப் பாடிப் பதிந்தால் முதலாவது கழன்றுவிடும், இரண்டாவது கழலாது. 1980களில் வந்தது என்பதால் பழசாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டு, மெட்டுக்கும் வரிக்கும் எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. சிங்கப்பூரில் அந்த 60க்குப் பதில் 70.

பிட்ச் ஏற்றினால் யூடியூபுக்குத் தெரியாது என்று நம்பி வைத்திருந்தால், அதையும் விட்டுவிடுங்கள். பிட்ச் மாறிய துண்டுகளையும் யூடியூபின் தானியங்கிப் பாட்டுத் தேடல் முறையான கன்டென்ட் ஐடி பிடிக்கிறது, சில சமயம் மெட்டை மட்டும் வைத்தே பிடிக்கிறது.

#3 லா_மச்சி
அப்போ பழைய ரீமிக்ஸ் எல்லாம் எப்படி வந்துச்சு? யோகி பி & நட்சத்ரா 'மடை திறந்து' படப்பாட்டை ராப்பாப் பண்ணலையா?

#4 காப்பிரைட்_காத்தான்
அந்தத் தொகுப்பு வந்தது 2006ல். கன்டென்ட் ஐடி வந்ததே 2007ல்தான். அன்றைக்குப் பாட்டு குறுந்தட்டிலும் வானொலியிலும் பரவியது. இன்றைக்கு அப்லோட் ஓடி முடியும் முன்னாலேயே இயந்திரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

என்ன நடக்கும் என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'கிளெய்ம்' வந்தால் வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது சில நாடுகளில் ஓடாது. நீங்கள் மறுத்தால் அவர்களுக்கு 30 நாள் அவகாசம். 'ஸ்ட்ரைக்' வேறு. அது நீக்கச் சொல்லிச் சட்டப்படி வரும் கோரிக்கை. 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சானலே போய்விடும். தீபாவளிக்கு முந்திய வாரம் வெளியிட்டு, கிளெய்முக்கு மறுப்புப் போட்டால், பதில் வருவதற்குள் தீபாவளி முடிந்து பலகாரமும் தீர்ந்திருக்கும்.

#5 பீட்டுக்கடை
காத்தான் அண்ணன் சொன்னதோட பீட்டையும் பாருங்க மாறன். குத்தகை பீட்டுன்னா ஒப்பந்தத்துல மூணு வரியைத் தேடிப் படிக்கணும்: எத்தனை ஸ்ட்ரீம் வரைக்கும் செல்லும், மியூசிக் வீடியோவுக்கு அனுமதி இருக்கா, கன்டென்ட் ஐடியில் பதியலாமா. மூணாவதுக்குப் பதில் அநேகமா 'கூடாது'ன்னுதான் இருக்கும். ஏன்னா அதே பீட்டை இன்னும் பத்துப் பேர் வாங்கியிருப்பாங்க. நீங்க டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களுக்கு ஏத்தித் தர்றவங்க) படிவத்துல 'யூடியூப் கன்டென்ட் ஐடி' பெட்டியில டிக் போட்டீங்கன்னா, அந்தப் பத்துப் பேர் வீடியோவுக்கும் உங்க பேர்ல கிளெய்ம் போகும். அவங்க பீட் செஞ்சவர்கிட்ட போவாங்க, அவர் உங்க குத்தகையையே ரத்து பண்ணுவார். டிக் போடாதீங்க. அவ்வளவுதான்.

இன்னொண்ணு, எம்பி3 குத்தகை எடுத்திருந்தா இப்பவே ஸ்டெம்ஸ் (ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ஃபைல்) குத்தகைக்கு மாறுங்க. ஒரே ஸ்டீரியோ ஃபைல் மேல ராப் பாடினா மிக்ஸ்ல கையே வைக்க முடியாது. தமிழ் பீட்ல இது ரொம்ப உதைக்கும். பறையோட அடி விழுற அதே 2லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ்லதான் ச, ட, ற எல்லாம் தெளிவாக் கேட்கும். ஸ்டெம் தனியா இருந்தா குரல் வரும்போது மட்டும் பறையை அந்த இடத்துல 2, 3 டெசிபல் இறக்கலாம். உறுமி வேற கதை. அதோட இழுவை 808 பேஸ் (எலெக்ட்ரானிக் அடிபேஸ்) வழுக்குற மாதிரியே கீழே வழுக்கும். ரெண்டும் ஒரே சமயம் வழுக்கினா ஸ்ருதி எங்கேன்னே தெரியாது, காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்கும். ஒண்ணை நிக்க வைங்க, ஒண்ணை ஓட விடுங்க.

808 போன் ஸ்பீக்கர்ல கேட்காதுங்கிறதையும் மறக்க வேண்டாம். வால்யூம் ஏத்திப் பிரயோஜனம் இல்லை. ஒரு நகல் எடுத்து, சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) போட்டு, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மெல்லிசா அடியில வைங்க. எம்ஆர்டி ரயில்ல போன்ல கேட்கிறவனுக்கும் பேஸ் 'இருக்கு'ன்னு தோணும்.

#6 தோபாயோ_மாறன்
நன்றி. படப்பாட்டுத் துண்டை எடுத்துவிடுகிறோம், அந்த இடத்தில் புதிதாக ஒரு மெட்டு. ஸ்டெம்ஸும் வாங்கியாகிவிடும். அடுத்து ஷூட். வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கலாமா 25லா?

#7 ஷட்டர்ஐம்பது
25. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கீழ்த்தளக் குழல்விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முழுத் துடிப்புகள் விழும், படம் அமைதியாக இருக்கும். 1/60, 1/120 வைத்தால் கறுப்புப் பட்டை மெதுவாக மேலேறும். கேமராவின் சின்னத் திரையில் அது கண்ணில் படாது, வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் போட்டால்தான் தெரியும். அப்புறம் சரி செய்வது பெரும்பாடு. 24தான் வேண்டும் என்றால் ஷட்டரைக் கோணக் கணக்கில் 172.8 டிகிரி வையுங்கள், அதுவும் 1/50தான்.

கடை வாசல் எல்இடி பலகையும் காரின் பின்விளக்கும் இந்தக் கணக்குக்குள் வராது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் துடிக்கும். அந்த இடத்தில் பத்து வினாடி எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸ் முகத்தில் பனி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். மேல்தளத்தில் அந்தி வெளிச்சம் வேண்டுமென்றால், இங்கே சூரியன் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் இறங்கும், நிலநடுக்கோட்டுப் பக்கம் என்பதால் சட்டென்று இருட்டிவிடும். நீலவானம் இருபது நிமிடம் நின்றால் பெரிது. எந்த நான்கு வரிக்கு அந்த வானம் என்று முன்னாடியே முடிவாகியிருக்க வேண்டும்.

#8 வெட்டுமேசை
ஸ்லோ மோஷன் வாயசைப்புக்கு வருவோம், மாறன் அசல் கேள்வி அதுதான்.

எவ்வளவு மெதுவாக்கப் போகிறீர்களோ அவ்வளவு வேகமாகப் பாட்டைப் போட்டுப் பாட வைக்க வேண்டும். 50ல் எடுத்து 25ல் ஓட்டினால் பாதி வேகம், ஆகவே ஷூட்டில் பாட்டு 200 சதவீதம். 92 பிபிஎம் 184 ஆகிவிடும். மெலடி ஹூக் என்றால் சமாளிக்கலாம். ராப் வரியை 184ல் யாராலும் வாய் நிறையச் சொல்ல முடியாது. உதடு பாதி மூடும், பாதி விழுங்கும், மெதுவாக்கினால் வாயில் வெற்றிலை போட்ட மாதிரி தெரியும்.

எனவே இரண்டாகப் பிரியுங்கள். ராப் வரிகளுக்கு 30ல் எடுங்கள், பாட்டு 120 சதவீதம், அதாவது 110.4 பிபிஎம். அசைவு லேசாக மிதக்கும், வாய் முழுசாக அசையும். 50ஐ ஹூக்குக்கும் வாயசைப்பில்லாத நடை, ஆட்டம், முகத்துக்கும் மட்டும் வையுங்கள். 100, 120 சதவீதம், 200 சதவீதம் என மூன்று ஃபைல் முன்கூட்டியே தயாரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நான்கு 'டிக்' ஒலி வையுங்கள். சும்மா போன் ஆப்பில் வேகத்தை இழுத்து ஓட்டினால் ஒவ்வொரு டேக்கும் ஒரு வேகத்தில் வரும்.

#9 ஷட்டர்ஐம்பது
ஒரு திருத்தம். பல கேமராவில் '30' என்று எழுதியிருப்பது உண்மையில் 29.97. 120 சதவீதம் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பும். 3:10 பாட்டுக்கு அது கிட்டத்தட்ட 0.19 வினாடி, 25 கணக்கில் ஐந்து ஃபிரேம். முதல் வரி ஒட்டும், கடைசி வரி ஓடிவிடும். 119.88 சதவீதத்தில் ஃபைல் செய்யுங்கள். கேமரா 'பால்' முறையில் (25, 50 கணக்கு) இருந்தால் 30 தெரியாது, 'என்டிஎஸ்சி'க்கு (30, 60 கணக்கு) மாற்ற வேண்டும். மாற்றினாலும் ஷட்டரை 1/50லேயே பிடித்து வைத்திருங்கள், தானாக 1/60க்குத் தாவும்.

#10 வெட்டுமேசை
சரிதான், 119.88. நான்கு வரி, எட்டு வரியாகத் துண்டு துண்டாக எடுத்தால் அந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது, முழுப் பாட்டை ஒரே டேக்கில் ஓட்டினால் நிச்சயம் தெரியும்.

ஒட்டியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அலைவடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். வரியில் ப, ம வரும் இடத்தைத் தேடுங்கள். 'அப்பா' என்று ஒரு சொல் இருந்தால், 'ப்' கேட்கும் ஃபிரேமில் உதடு முழுசாக மூடியிருக்க வேண்டும். ஒரு ஃபிரேம் முன்னே பின்னே பரவாயில்லை. மூன்று ஃபிரேம் தள்ளினால் பார்ப்பவனுக்கு ஏனென்று தெரியாமலே சலிப்பு வரும். 'க', 'ங' வைத்துப் பார்க்காதீர்கள், அவை தொண்டைப் பக்கம் பிறக்கிறவை, உதட்டில் ஒன்றும் தெரியாது.

ஸ்பீக்கர் பாடுபவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒலி 14 மீட்டர் போக 40 மில்லி வினாடி, அதாவது ஒரு ஃபிரேம். கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடியில் கேமரா, இந்தக் கோடியில் ஸ்பீக்கர் என்றால் கேமராவில் பதிவாகும் சத்தம் இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாக இருக்கும். அதை வைத்து ஒட்டினால் எல்லாமே தள்ளிப்போகும்.

ஷூட்டுக்குப் பிறகு பாட்டின் அமைப்பை மாற்றாதீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை.

#11 எதுகை_நாற்பது
படம் பிடிக்கிற பேச்சே ஓடுகிறது. வரி தாளத்தில் நிற்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே.

ஆங்கில ராப் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வரிக் கடைசியில்தான் ஒலியைத் தேடுகிறார்கள். நம் மொழியில் அது இயைபு, இருப்பதிலேயே மலிவான சரக்கு. 'வருகிறேன், தருகிறேன், இருக்கிறேன்' என்று வினைமுற்று தானாகவே ஒத்துப்போகும், நாற்பது வரிக்கு அப்படியே ஓட்டலாம், நாலாவது வரியிலேயே கேட்பவன் தூங்கிவிடுவான். அடிக்குப் பலம் எதுகையில். இரண்டாம் எழுத்து ஒத்து வரட்டும், அதுவும் தாளத்தில் அழுத்தமான அடி விழும் இடத்தில். 'கட்டம்' என்று ஒரு வரி தொடங்கினால் அடுத்தது 'சட்டம்', 'வட்டம்', அல்லது கொஞ்சம் தள்ளி 'முட்டி'. அந்த 'ட்' ஸ்னேர் (டிரம்மின் சுள்ளென்ற அடி) மேல் விழுந்தால் பீட் செய்தவருக்கே சிரிப்பு வரும்.

குறிலை இழுக்காதீர்கள். 'படம்' இழுபட்டால் 'பாடம்', 'கல்' இழுபட்டால் 'கால்'. தாளத்தில் இடம் மிஞ்சினால் சொல்லை மாற்றுங்கள், எழுத்தை நீட்டாதீர்கள்.

ஆங்கிலம் கலப்பதில் எனக்குச் சண்டை இல்லை. சிங்கப்பூர் ராப்பர் யங் ராஜா தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் டெஃப் ஜாம் தென்கிழக்காசியா இசை நிறுவனம் வரை போனார். அங்கே கலப்பு தாளத்தோடு போகிறது, தமிழ்ச் சொல் கிடைக்காமல் ஆங்கிலத்தைத் திணிக்கவில்லை.

#12 பீட்டுக்கடை
ஐயா சொன்ன ஸ்னேர் விஷயம் நூத்துக்கு நூறு. 92ல ஸ்னேர் ரெண்டாவது, நாலாவது அடியில. வல்லின ஒற்று அங்கே விழுந்தா ஸ்னேர் சத்தத்தை நீங்க ஏத்தவே வேண்டாம்.

#13 தோபாயோ_மாறன்
இடத்துக்கு அனுமதி? பத்துப் பேர், ஒரு கேமரா, ரெண்டு விளக்குதான். சும்மா போய் எடுத்துவிட்டு வந்தால்?

#14 காப்பிரைட்_காத்தான்
கீழ்த்தளம், நடைவழி எல்லாம் பொதுச்சொத்து, நகர மன்றத்தின் பொறுப்பு. விண்ணப்பம் போடுங்கள். படிவமும் கட்டணமும் ஒவ்வொரு நகர மன்றத்துக்கும் வேறுபடும், அதனால் இடம் முடிவானதும் முதல் வேலை இது. கார் நிறுத்துமிடத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள். பூங்கா என்றால் தேசிய பூங்காக் கழகம்.

டிரோன் ஷாட் யோசனை இருந்தால்: 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். 200 அடிக்கு மேலே பறக்கவிட்டாலோ, விமானநிலையம் அல்லது விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தாலோ சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், செம்பவாங், தெங்கா என்று வட்டம் போட்டுப் பாருங்கள், குடியிருப்புப் பேட்டைகளில் பாதி உள்ளே வந்துவிடும். மேல்தளத்துச் சுவரோரம் நின்று எடுத்தாலே உயரம் கிடைக்குமே.

கையில் மின்சிகரெட் வைத்துப் புகை விடும் ஷாட் வேண்டவே வேண்டாம். 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதே குற்றம், நீங்களே ஆதாரத்தைப் படம் பிடித்து உலகத்துக்குப் போட்ட மாதிரி ஆகும். நிஜம் போலத் தெரியும் துப்பாக்கி நகலும் அப்படித்தான், காவல்துறையின் அனுமதி இல்லாமல் தொடக் கூடாத சாமான்.

முக்கியமானது, பலர் கவனிக்காதது: வீடியோ எடுத்துத் தருபவருக்குப் பணம் கொடுத்தால் வீடியோ உங்களுடையது என்று நினைப்பு. 2021 நவம்பர் 21ல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் உரிமை எடுத்தவருக்கே. ஒரு பக்கக் காகிதம் போதும்: உரிமை யாருக்கு, வெட்டாத மூலக் காட்சிகள் யாரிடம், அவர் தன் வேலைக்கு மாதிரியாகக் காட்டலாமா. பாட்டுக்கும் ஒரு தாள்: வரி எழுதியவர் எத்தனை, மெட்டும் பீட்டும் செய்தவர் எத்தனை, கூட்டினால் நூறு. அதை வைத்துத்தான் காம்பஸில் (சிங்கப்பூர் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம்) பதிய முடியும், வானொலியில் ஓடினால் பணம் அந்த வழியாகத்தான் வரும்.

#15 லா_மச்சி
1,500 வெள்ளியில காகிதமே 500 போகும் போலிருக்கே லா.

#16 காப்பிரைட்_காத்தான்
காகிதத்துக்குக் காசு இல்லை தம்பி, கையெழுத்துதான். காசு மழைக்குப் போகும். தீபாவளியை ஒட்டிய மாதங்களில் மாலை இடி மழை சகஜம். 300 வெள்ளியைத் தொடாமல், இரண்டாவது இரவுக்கு வைத்திருங்கள்.

#17 வெட்டுமேசை
செங்குத்து வெட்டுக்கும் யோசியுங்கள், புதுப் பாடகரை இப்போது முதலில் பார்ப்பதே அதில்தான். 4கேயில் எடுத்தால் நடுவில் 9:16 வெட்டு 1215க்கு 2160 கிடைக்கும், தாராளம். 1080ல் எடுத்தால் அகலம் 607 புள்ளிதான், பெரிதாக்கினால் மாவு மாதிரி ஆகும். ஹூக் ஷாட்டில் முகம் நடுவில் இருக்கட்டும்.

தமிழ் வரிகளைத் திரையில் போடும்போது எழுத்தெழுத்தாகத் துள்ளும் அனிமேஷன் வைக்காதீர்கள். மென்பொருள் 'கொ'வை உடைத்து, கொம்பு தனியாக, க தனியாக, கால் தனியாகப் பறக்கவிடும். சொல் சொல்லாக அசையுங்கள். எழுத்தே உடைந்து புள்ளி வட்டத்தோடு வந்தால், அடோபி மென்பொருள்களில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய முறைக்கு மாற்றிப் பாருங்கள். சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8ல் சேமியுங்கள்.

யூடியூபுக்கு 4கே, 35லிருந்து 45 மெகாபிட், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ்.

#18 பீட்டுக்கடை
மாஸ்டரை (கடைசி ஃபைலை) மைனஸ் 8 லஃப்ஸ் (சத்த அளவு) வரைக்கும் நசுக்காதீங்க. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 பக்கம் இறக்கிடும். நசுங்கின பறை நசுங்கினதுதான், சத்தமும் மிஞ்சாது. உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்கு மேல போகாம பாருங்க.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு மூணு வாரம் முன்னாடி ஏத்துங்க. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்கு வெளியீட்டுக்குக் குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி அனுப்பணும், வெளிவந்த பாட்டை அனுப்ப முடியாது. மொழிக் கட்டத்துல 'தமிழ்'னு போடுங்க. பாதி வரி ஆங்கிலம்னு 'ஆங்கிலம்' போட்டா அமெரிக்கக் குவியல்ல காணாமப் போகும். பாடகர் பேரை முதல்லேருந்தே ஒரே எழுத்துக்கூட்டல்ல வைங்க. ஒரு பாட்டுல ஒரு 'ஏ', அடுத்ததுல ரெண்டு 'ஏ'ன்னா ரெண்டு ஆளா ஆயிடும். வானொலிக்குக் கெட்ட வார்த்தை எடுத்த பதிப்பு தனி, அதுக்கு ஐஎஸ்ஆர்சி எண்ணும் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்குமான அடையாள எண்) தனி.

2024லேருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவை ஓடினாத்தான் காசு கணக்கே தொடங்கும். அதனால ஒரே பாட்டுக்கு அஞ்சு ரீமிக்ஸ் போட்டுச் சிதறடிக்காதீங்க. தீபாவளிக்கு முந்திய வாரம் எல்லாரும் பாட்டு விடுவாங்க, ரெண்டு வாரம் முன்னாடி வந்தா மூச்சு விட இடம் கிடைக்கும்னு எனக்குப் படுது.

#19 தோபாயோ_மாறன்
எல்லாம் குறித்தாயிற்று. கடைசியாக ஒன்று. புளோக்கில் ராத்திரி 10.30க்கு மேல் சத்தம் போட முடியாதே. ஸ்பீக்கர் இல்லாமல் வாயசைப்பு எப்படி? புளூடூத் இயர்போன் மாட்டிக்கலாமா?

#20 வெட்டுமேசை
ஹூக், கூட்ட ஆட்டம் எல்லாம் 10.30க்கு முன்னால் முடியுங்கள். அதற்கப்புறம் தனி ஆள் ஷாட் மட்டும்.

புளூடூத் 100லிருந்து 200 மில்லி வினாடி தாமதமாகக் கேட்கும். பாடுபவர் ஒரே காதில் கேட்டுப் பாடும்வரை அதனால் நஷ்டமில்லை. ஆனால் கேமராவுக்கு நேராகப் போனிலிருந்து கேபிள் கொடுத்தால், கேமராவுக்கு முதலில் போகும், அவருக்குப் பிறகு கேட்கும், டேக்குக்கு டேக் இடைவெளியும் மாறும். அதனால் கம்பி இயர்போன். கேமராவுக்குத் தெரியாத பக்கக் காதில் ஒன்று, சட்டைக்குள் கம்பி, போன் பின்பாக்கெட்டில். மெமரி கார்டு ரெக்கார்டர் சின்னது இருந்தால் போனிலிருந்து இரண்டாகப் பிரித்து அதற்கும் ஒரு கம்பி கொடுங்கள், டேக் தொடக்கத்தில் ஒரே ஒரு கைத்தட்டு. கைத்தட்டு கேமராவிலும் தெரியும், ரெக்கார்டர் மைக்கிலும் பதியும்.

#21 ஷட்டர்ஐம்பது
ரெக்கார்டர் ஒரு பக்கம் போனின் பாட்டையும் மறுபக்கம் மைக்கையும் எடுக்குமா என்று வீட்டிலேயே பாருங்கள், எல்லா ரெக்கார்டரும் எடுக்காது. எடுக்காவிட்டால் கைத்தட்டு வேண்டாம். பிரித்த கம்பியை நேராகக் கேமராவின் மைக் துளையில் கொடுங்கள். போன் சத்தம் கால்வாசிக்கு மேல் வேண்டாம், அந்தத் துளை மைக்குக்கானது, போன் அளவு தாங்காது. கூடிப்போனால் அலைவடிவம் செங்கல் மாதிரி சதுரமாக வரும். காதால் கேட்க முடியாது, ஆனால் நான்கு 'டிக்'கும் அதில் தெரியும், ஒட்ட வைக்க அது போதும்.